யாரிடம் முறையிடுவது?

தொழிலைப் பகுக்கலாம், பொறுப்பைப் பகுக்கலாமா? ஒரு பொருளை ஆயிரம் பேர் கூடிச் செய்யும் காலம் இது. அப்பொருளிற் குறை தோன்றும்பொழுது ஒவ்வொருவரும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மட்டுமே பதில்சொல்லக் கடமைப்பட்டவரா? அல்லது ஆயிரமாகப் பகுபட்ட பொறுப்பு அத்துடன் இல்லாமலே போய்விடுகிறதா? அறவியலாளர் நெடுங்காலமாக விவாதித்துவரும் இவ்வினா நூலகங்களுக்குள் மட்டும் வாழும் வினாவன்று. புதிய லொறியொன்று நடுவழியில் நின்றுவிட, தொலைபேசியைக் காதில் வைத்தபடி வீதியோரத்தில் நிற்கும் மனிதனின் வினாவும் அதுவே.

2020 ஆம் ஆண்டிலிருந்து தடைப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபொழுது, நான் கற்பிக்கும் ஊரைச் சேர்ந்த ஒருவர் தமது பழைய லொறியை விற்று, மனைவியின் நகைகளை ஈடுவைத்து, எஞ்சிய தொகைக்குத் தவணைக் கடன்பட்டுப் புதிய லொறியொன்றை வாங்கினார். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களின் மரக்கறிகளைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிச்செல்வது அவர் தொழில். மூன்றாவது வாரத்திலேயே எஞ்சின் வலுவிழக்கத் தொடங்கியது. எச்சரிக்கை விளக்கு எரியும்; வண்டி நடைவேகத்துக்கு இறங்கும்; சிறிது நேரம் நிறுத்திவைத்தால் ஏதும் நடவாததுபோல மீண்டும் ஓடும். முகவரின் வேலைத்தலத்தில் கணினியைப் பொருத்திப் பார்த்து, குறை எதுவும் பதிவாகவில்லை என்று எழுதிக்கொடுத்தனர். ஆறு மாதத்துக்குள் இவ்வாறு ஐந்து முறை நிகழ்ந்தது. ஒருமுறை வவுனியாவுக்கு அப்பால் இரவு முழுவதும் வண்டி நின்றுவிட, ஏற்றிய தக்காளியிற் பாதி அழுகியது.

உற்பத்தியாளரின் அனுமதியின்றிப் பாகத்தை மாற்ற இயலாது என்றார் முகவர். உள்நாட்டு முகவரே இதற்குப் பொறுப்பு என்று எழுதினார் உற்பத்தியாளர். வண்டி ஓடுவதும் ஓடாததும் எமது ஒப்பந்தத்துக்குப் புறம்பானவை என்றது தவணைக் கடன் கொடுத்த நிறுவனம். ஊர்க் கராஜில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் திறந்து பார்க்க முன்வந்தார். ஆனால் வெளியார் கை பட்டால் உத்தரவாதம் செல்லாது. அவருடைய குறையைக் கேட்போர் பலர் இருந்தனர்; தீர்ப்பவர் ஒருவரும் இல்லை.

பொறி என்றால் பழுதடையும். இதை லொறிக்காரரைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். தமது பழைய லொறியின் கீழ் எத்தனையோ இரவுகள் படுத்துக்கிடந்து அதைச் சீர்செய்தவர் அவர். பழைய பழுது களைப்பைத் தந்தது. புதிய பழுதோ அவமானத்தைத் தருகிறது. பழுதுக்கும் அவருக்கும் இடையில் இப்பொழுது முகமற்ற ஒன்று வந்து நிற்பதே இதற்குக் காரணம்.

அதன் முகமின்மையை அதன் மொழியிலேயே காணலாம். அவருக்கு வந்த கடிதங்களை வாசித்துப் பார்த்தேன். 'தங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது. அது உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' தமிழ் கற்பிப்போனாகிய எனக்கு இவ்வாக்கியங்கள் இலக்கணப் பாடமாகவே தோன்றின. பதிவு செய்தவர் யார்? அனுப்பியவர் யார்? செயப்பாட்டு வினையின் திரைக்குப் பின்னாற் செய்தவர் மறைந்துவிடுகிறார். தோன்றா எழுவாய் என்று ஒன்றை நாம் கற்பிக்கிறோம். அது வாக்கியத்தில் வெளிப்படாவிடினும் உண்மையில் உள்ளது. இங்கோ எழுவாய் தோன்றாதது மட்டுமன்று, இல்லவே இல்லை. மூன்றாவது வாக்கியத்தில் மாத்திரம் 'நாம்' என்பது வினைமுற்றின் விகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் அந்த 'நாம்' வருந்துகிறதேயன்றி எதையும் செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அசௌகரியம் மழைபோலத் தானாகவே 'ஏற்பட்டது'. தான் செய்ததை ஏற்காதவன் படும் வருத்தம் துக்க வீட்டுக்கு வந்த அயலானின் வருத்தம். அதனால் எந்தக் கடனும் தீர்வதில்லை.

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கையில் மாணவர்கள் கண்ணகியின் சினத்திலேயே தோய்ந்துவிடுகின்றனர். வாயிற்காவலனைக் கவனிப்போர் சிலரே. கண்ணகி அரண்மனை வாயிலில் நிற்கிறாள். வாயிலோன் உள்ளே சென்று அறிவிக்கிறான். மன்னன் அவளை அழைத்துவரச் செய்கிறான். அவள் எதிர்நின்று வழக்குரைக்கிறாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது. அந்நிலையிற் பாண்டியன் எத்தனையோ விடைகள் கூறியிருக்கலாம். பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், வாள் வீசியவன் காவலாள், உரியவர்கள் விசாரித்தே செய்தனர் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவன் அவ்வாறு சொல்லவில்லை. தன் ஆணையால் நடந்தது தன் செயலே என்று ஏற்றுக்கொண்டான். முடியாட்சிக்குப் புகழ் பாடுவது நமது நோக்கமன்று. ஆராயாமல் ஒருவனைக் கொல்விக்கும் அதிகாரம் தனியொருவன் கையில் இருந்ததே அக்கொடுமையின் வேர். எனினும், அதிகாரம் எங்கே உண்டோ பொறுப்பும் அங்கேயே உண்டு என்ற உண்மையை அக்காட்சி ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகிறது. இன்றைய பெருநிறுவனத்திலும் வாயிலோன் உண்டு. இனிய குரலில் இரவும் பகலும் பேசுவான். அவனுக்குப் பின்னால் வழக்கைக் கேட்கும் அவைதான் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பாண்டியன் ஒருவன், அவன் ஆணையும் ஒன்று. இன்றைய லொறியின் எஞ்சின் ஓரிடத்தில், மின்பாகங்கள் வேறோரிடத்தில், கணினி நிரல் மற்றோரிடத்தில் உருவாகின்றன. எவரும் திட்டமிட்டுத் தீங்கு செய்யவில்லை. அவ்வாறாயின் யாரைக் குற்றம் சாட்டுவது? இம்மறுப்பை அலட்சியப்படுத்தலாகாது. ஆனால் இது புதியதுமன்று. நூறாண்டுக்கு முன்பே நீதிமன்றமொன்று இதற்கு விடையளித்துவிட்டது.

அமெரிக்காவில் மக்பேர்சன் என்பவர் வாங்கிய பியூக் மோட்டார் வண்டியின் மரச்சில்லு நொறுங்கியதால் அவர் தூக்கியெறியப்பட்டுக் காயமுற்றார். நாம் வண்டியை விற்றது வியாபாரிக்கு, இவருக்கன்று. சில்லைச் செய்ததும் வேறொரு தொழிற்சாலை என்று உற்பத்தியாளர் வாதிட்டனர். 1916 ஆம் ஆண்டில் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அவ்வாதத்தை ஏற்கவில்லை. பொருளை முழுமையாக்கிச் சந்தைக்கு அனுப்புபவரே அதனைச் சோதிக்கக் கடமைப்பட்டவர்; வியாபாரியல்லாத ஒருவரே அதனைப் பயன்படுத்துவார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கைகள் எத்தனையாயினும் கடமை கலைவதில்லை.

1960 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஹென்னிங்சன் என்பவர் 1955 ஆம் ஆண்டு மே மாதத்தில் வாங்கிய புதிய பிளிமத் கார், இரண்டு வாரத்துக்குள் கட்டுப்பாடிழந்து சுவரில் மோதி, அவர் மனைவியைக் காயப்படுத்தியது. 90 நாள் அல்லது 4,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை பழுதான பாகத்தை மாற்றித் தருவோம். அதற்கப்பால் எப்பொறுப்பும் இல்லை என்று ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் நுண்ணெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பெரும் உற்பத்தியாளர் அனைவரும் பயன்படுத்திய படிவம் அதுவே. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே தாள்தான் என்றால் ஒப்பமிட்டவனின் சம்மதத்துக்கு என்ன பொருள் என்பதே வழக்கின் மையமாயிற்று. அந்நிபந்தனை செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. 'படித்துப் பார்த்துத்தானே கையொப்பமிட்டாய்' என்று நம் லொறிக்காரரைக் கேட்போர் இத்தீர்ப்பைச் சிந்திப்பார்களாக.

எனினும் சட்டம் வென்ற அதே நாட்டில் முகமின்மை தோற்கவில்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் சில கார்களில், ஓட்டத்தின் நடுவே எஞ்சினை நிறுத்தி, விபத்தில் விரியவேண்டிய காற்றுப்பைகளையும் செயலிழக்கச் செய்யும் குறைபாடுள்ள ஆளி பொருத்தப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் கோளாறு பொறியியலாளர் சிலருக்குத் தெரிந்திருந்தது. வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதோ 2014 ஆம் ஆண்டில். அவற்றின் தொகை ஏறத்தாழ 26 இலட்சம். 124 மரணங்களுக்கு இழப்பீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிறுவனமே நியமித்த விசாரணையின் அறிக்கை அங்கு நிலவிய இரு வழக்கங்களை விவரிக்கிறது. ஒன்று, கூட்டத்தில் எல்லோரும் ஒரு முடிவுக்குத் தலையசைத்துவிட்டு ஒருவரும் எதையும் செய்யாமல் வெளியேறுவது. மற்றையது, கைகளைக் குறுக்காகக் கட்டி இருபுறமும் பிறரைச் சுட்டிக்காட்டுவது. பொறுப்பு பகுக்கப்படும்பொழுது அதற்கு நேர்வது என்ன என்பதற்கு இவ்விரு சைகைகளை விடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இது தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடு மட்டுமா? அன்று. கூர்ந்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படும். பொறுப்பு சிதறுகிறது, இலாபமோ சிதறுவதில்லை. லொறியின் விலையைப் பெறும்பொழுது எந்தப் பிரிவும் மற்றொரு பிரிவைச் சுட்டிக்காட்டவில்லை. மாதத் தவணை ஒரு நாள் பிந்தினால் அதைக் கேட்கும் குரலுக்கு ஐயமே கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' என்னும் நாவலில், தன் வீட்டை இடிக்க வந்த உழவு இயந்திரச் சாரதியைக் குத்தகைக் குடியானவன் சுடப்போவதாக மிரட்டுகிறான். ஆணை வங்கியிலிருந்து வருகிறது, வங்கிக்கோ கிழக்கேயிருந்து வருகிறது என்கிறான் சாரதி. அப்படியானால் யாரைத்தான் சுடுவது என்று குடியானவன் திகைக்கிறான். துப்பாக்கி தீர்வாகாது என்பதற்கு அப்பாலும் அத்திகைப்பில் ஓர் உண்மை உண்டு: வருவாய் மேலேறும் ஏணியிற் பொறுப்பு ஒருபொழுதும் ஏறுவதில்லை, அது கீழ்ப்படியில் நிற்பவனிடமே தேங்கிவிடுகிறது.

அக்கீழ்ப்படியில் நிற்பவர் தொலைபேசியில் பதிலளிக்கும் ஊழியர். லொறிக்காரர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளையைக் கோவிச்சு என்ன செய்யிறது, மாஸ்ரர்? அதுவும் சம்பளத்துக்குத்தானே இருக்குது." வர்க்க உணர்வு என்று நாம் நூல்களில் தேடுவதை அவர் ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிட்டார். பாகமொன்றை மாற்றும் அதிகாரம் அப்பெண்ணுக்கில்லை. வாடிக்கையாளரின் சினத்தைத் தாங்குவதற்கென்றே அவருக்குக் கூலி கொடுக்கப்படுகிறது. ஆயினும் அவரிடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. நடந்ததை நடந்தவாறே பதிவதா, மேலிடம் விரும்பும் சொற்களில் மழுப்புவதா என்ற தேர்வே அது. அதிகாரமற்றவரின் அறம் சிறிது, ஆனால் இல்லாததன்று. அத்தேர்வினாற் பதவி பறிபோகாத பாதுகாப்பை அவருக்குப் பெற்றுக்கொடுப்பது அவர்தம் தொழிற்சங்கத்தின் கடமை.

அப்படியாயின் நாம் கோரவேண்டியது யாது? நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிட வழிவகுத்தது. ஆனால் முறைப்பாட்டை விற்பனையிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றும் அது வரையறுத்தது. இதை அறியாத ஏழை, முகவரின் இனிய வாக்குறுதிகளை நம்பியே அக்காலத்தைக் கழித்துவிடுகிறான். காலம் கடத்துவதும் ஓர் ஆயுதமே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து விவசாயிகள் தம் உழவு இயந்திரங்களைத் தாமே திருத்தும் உரிமைக்காகக் குரல் எழுப்பி, 2023 ஆம் ஆண்டில் அதனைச் சட்டமாக்கினர். தனித்தனியே தொலைபேசியில் காத்திருந்து பெற்றதன்று அவ்வுரிமை.

ஆகவே முறைப்பாட்டைத் தனிமையிலிருந்து மீட்பதே முதற்பணி. ஒரே வகை லொறியை வாங்கிய பத்துப்பேர் தம் பழுதுகளை ஒரே தாளில் எழுதினால், 'குறை எதுவும் பதிவாகவில்லை' என்ற வாக்கியம் நிலைக்காது. சாரதிகளின் சங்கமும் கமக்காரரின் சங்கமும் அத்தாளிற் கையொப்பமிட்டால், தக்காளி அழுகியது ஒருவரின் துரதிர்ஷ்டமாக இராது. அத்தாளின் முடிவில் மூன்று கோரிக்கைகள் இருக்கட்டும்: பதில் சொல்பவரின் பெயர், பதில் தரும் நாள், அப்பதிலை நிறைவேற்றும் அதிகாரம். இம்மூன்றுமில்லாத கடிதம் எத்துணைப் பணிவாக எழுதப்பட்டிருப்பினும் பதிலாகாது.

பலர் கூடிச் செய்யும் உற்பத்தி மனித குலத்தின் பெருஞ்சாதனை. அதை எவரும் பழிக்கவேண்டியதில்லை. பலர் கூடிச் செய்ததற்குப் பலரும் கூடிப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே நம் வாதம். பொறுப்பு கடனைப் போன்று பங்குபோட்டால் குறைவதன்று. சேர்ந்து சுமப்போர் ஒவ்வொருவர் மீதும் அது முழுமையாகவே நிற்கிறது. ஒருவனிடம் விலையை முழுதாகப் பெற்றுக்கொண்டவர்கள் அவனுக்குத் தரவேண்டிய பதிலும் முழுதாகவே இருக்கவேண்டும்.