அடுத்த வீட்டு அழுகுரல்

ஓர் அரசு தன் குடிமக்களை வதைக்குமானால், அதைக் கண்டிக்கப் பிற நாட்டாருக்கு உரிமை உண்டா? 'எங்கள் வீட்டு விவகாரத்தில் அந்நியருக்கு என்ன வேலை?' என்பதே ஆட்சியாளர் பலர் காலங்காலமாகக் கூறிவரும் விடை. அவ்விடை ஒருமுறை உலகத்தார் முன்னிலையில் உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட்டது.

1946-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசு, அங்கு வாழ்ந்த இந்தியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் எல்லை வகுத்துச் சட்டமியற்றியது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களும், வணிகத்தின் பொருட்டுச் சென்ற குஜராத்தி முஸ்லிம்களின் சந்ததியினரும் அவர்களுள் அடங்குவர். இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். உள்நாட்டு அலுவல்களில் சபை தலையிடலாகாது என்னும் சாசன விதியைப் பிரதமர் ஸ்மட்ஸ் கேடயமாக ஏந்தினார். மனித உரிமைகளில் நம்பிக்கையை உறுதி கூறும் அச்சாசனத்தின் முன்னுரை உருவாகப் பெரும்பங்கு ஆற்றியவரும் அவரே என்பது விந்தை! டிசம்பர் 8 அன்று 32 நாடுகள் இந்தியாவின் பக்கம் நின்றன. 15 நாடுகள் எதிர்த்தன.

'உங்கள் நாட்டில் சாதிக் கொடுமை இல்லையா?' என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது. அது பொய்யன்று. தீண்டாமையை 1950-இல் நம் அரசியல் சாசனம் ஒழித்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. எனினும், ஒருவன் இன்னொரு கடனாளியைச் சுட்டிக்காட்டுவதால் தன் கடன் தீர்ந்துவிடுமா? பிறரை நிறுக்க எடுத்த தராசில் தன்னையும் நிறுத்துக் காட்டுவதே முறையிடுபவரின் கடமை.

வீட்டு விவகாரம் என்கிறார்கள். அவ்வீடு யாருடையது? ஆள்வோருடையது மட்டுமா? அங்கே அடிபடுவோருக்கும் அதுவே வீடு. டாக்டர் யூசுப் தாதூவும் டாக்டர் நாயக்கரும் அவ்வாண்டில் அறப்போர் நடத்திச் சிறை புகுந்தனர். ஆப்பிரிக்கத் தலைவர் சூமா நியூயார்க் வரை சென்று நீதி கேட்டார். 1959-இல் லுதுலி தம் நாட்டுப் பொருள்களைப் புறக்கணிக்குமாறு உலகை வேண்டியபோது, அதனால் தம் மக்களே துன்புறுவர் என்பதை மறைக்கவில்லை, அறிந்தே வேண்டினார். வீட்டிலுள்ளோரே கதவைத் திறந்து அழைக்கையில், வந்தவரை அந்நியர் என விலக்குவது எங்ஙனம் பொருந்தும்?

ஆயினும் கண்டிக்கும் உரிமை படையெடுக்கும் உரிமை ஆகாது. பகைவனின் கொடுமையைப் பறைசாற்றி, நண்பனின் கொடுமைக்கு வாய்பொத்தி நிற்பவனின் குரலுக்கு மதிப்பும் குறையும். ஆனால் அவன் கூறியது மெய்யாயின், அவன் குறையால் அம்மெய் பொய்யாகிவிடாது.

1994-இல் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் முதன்முறையாக ஒருங்கே வாக்களித்தனர். அந்நாட்டு மக்களே போராடி ஈட்டிய வெற்றி அது. வெளியார் குரல் அவர்களுக்குத் துணை நின்றது. நம் நாட்டின் குறையை நாளை அயலார் ஒருவர் எடுத்துரைக்கும்போது, 'சொல்ல நீ யார்?' எனச் சீறுமுன், 'சொன்னது உண்மையா?' என்று கேட்கும் நெஞ்சுரம் நமக்கு உண்டா?