கருஞ்சிட்டுக்கு இட்ட பெயர்

பாடாலூரை அடுத்த மேட்டு நிலத்தில், முட்புதருக்கும் கற்குவியலுக்கும் இடையே, வாலை நிமிர்த்தித் தத்தித் திரியும் கருஞ்சிட்டைக் காணாதார் எவர்? ஆண் பறவையின் மேனி கருமை. வாலடியில் மட்டும் செம்மை. பூச்சி தின்று வாழும் அச்சிறு பறவை எவரிடமும் பெயர் கேட்டதில்லை. பெயரிட்டவன் மனிதன், பிழை செய்தவனும் அவனே!

1766-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். அவர் இந்நாட்டு மண்ணை மிதித்தவரல்லர். பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் எழுதிய குறிப்பை நம்பினார். வாலாட்டிக் குருவிகளின் இனத்தில் இதனைச் சேர்த்தார். பிறப்பிடம் பிலிப்பைன்ஸ் என்ற பிழையும் ஏட்டில் ஏறிற்று. இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைக்குக் கடல் கடந்த தீவிலே பிறந்தகம்!

பின்வந்தோர் ஆராய்ந்தனர். புதுச்சேரியே அவ்விடம் எனத் திருத்தினர். வாலாட்டிகளிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கினர். 2010-ஆம் ஆண்டை ஒட்டி வந்த மரபணு ஆய்வுகளோ, இது குண்டுக்கரிச்சானின் நெருங்கிய உறவு என்று காட்டின. தனிப் பேரினம் கலைந்தது. இன்று இரண்டும் காப்சைகஸ் என்னும் ஒரே பேரினம்.

முன்னோர் மொழிந்ததாயிற்றே, மூல நூலில் உள்ளதாயிற்றே என்று அறிவியல் மயங்கிற்றா? இல்லை. லின்னேயசின் பெருமை குன்றிற்றா? அதுவும் இல்லை. அவர் சூட்டிய பெயரின் பிற்பாதி இன்றும் நிற்கிறது. பிழைபட்ட முற்பாதி மட்டுமே போயிற்று.

நம் நிலை என்ன? அதே குண்டுக்கரிச்சானை வண்ணாத்திக்குருவி என்பாரும் நம்மிடையே உளர். வெளுப்புத் தொழிலைப் பிறப்போடு பிணைத்த சமுதாயம், பறவையின் தலையிலும் அதனை ஏற்றிற்று! பறவைக்கு இழப்பில்லை, அதன் கூட்டையும் குரலையும் எவரும் பறிக்கவில்லை. மனிதனுக்கோ, ஒரு பெயரால் தெரு வேறாயிற்று, கிணறு வேறாயிற்று, சுடுகாடும் வேறாயிற்று.

பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்பர் சிலர். போதாது, தோழர்களே! கருஞ்சிட்டின் பெயர் மாறியது, அதனைப் பற்றிய அறிவு திருந்தியதால். பழைய எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றுவது திருத்தமாகாது. சான்று கண்டதும் தன் பிழையை ஒப்பும் துணிவே பகுத்தறிவு.

சிறு குருவி ஒன்றின் உறவினரைக் கண்டறிய மரபணு ஆய்வு தேவைப்பட்டது. மனிதனுக்கு மனிதன் உறவென்று ஒப்புக்கொள்ள, இன்னும் எந்த ஆய்வுக்காகக் காத்திருக்கிறோம்?