வயலிலும் விரயம் வேண்டாம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் ஒளூச் செய்தார்கள். ஒரு ‘ஸாவு’ நீரில் குளித்தார்கள். முத்து என்பது இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாவு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், வயலில் மோட்டாரைப் போட்டுவிட்டு உறங்கிவிடுகிறோமே! வணக்கத்திற்கே அளவு உண்டென்றால் வயலுக்கு இல்லையா?

அறுவடை நாளில் அதற்குரிய ஹக்கைக் கொடுக்கும்படி ஏவிய அல்லாஹ் தஆலா, அதே வசனத்தில் (6:141) வீண் விரயத்தையும் தடுத்திருக்கிறான்.

மதீனாவில் வாய்க்கால் நீர் பற்றி ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு வந்தது. மேட்டு நிலக்காரரான ஜுபைரைத் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, பிறகு நீரை அண்டை நிலத்துக்கு விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இன்று அந்த வாய்க்கால் பூமிக்கடியில் இருக்கிறது. நாம் ஆழ்துளைக் கிணற்றில் அளவின்றி இறைத்தால் அடுத்தவர் கிணறு வற்றுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அவருடைய ஹக்கு இல்லாமற் போய்விடுமா?

இதற்கு நல்ல வழி சொட்டு நீர்ப் பாசனம். பாத்தி நிறையப் பாய்ச்சும் நீரில் பெரும் பகுதி ஆவியாகிறது, வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது, களையை வளர்க்கிறது. குழாய் வழியே சொட்டும் நீரோ வேரடியிலேயே விழுகிறது. தென்னை, வாழை, கரும்பு, காய்கறிகளுக்கு இது ஏற்றது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியமும் உண்டு. வடிகட்டியை அடிக்கடி கழுவி, துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஆனால் கருவி மட்டும் நீரைக் காக்காது. சவூதி அரேபியா 1980களில் சுழலும் தெளிப்பான்களை வைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது, ஏற்றுமதியும் செய்தது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூமிக்குள் தேங்கியிருந்த, மீண்டும் ஊறாத நீர் அதில் கரைந்தது. 2008-ல் அச்சாகுபடியைப் படிப்படியாகக் குறைக்க அரசே முடிவெடுத்தது. கருவி நவீனமானதுதான்; அளவுதான் இல்லை.

ஆகவே சகோதரர்களே, சொட்டு நீரில் மிச்சமானதைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் நனைக்கலாமே என்று கணக்குப் போடாதீர்கள். அதைப் பூமியிலேயே விட்டு வையுங்கள். அண்டை வயலாரும், நாளை நம் பிள்ளைகளும் அதைப் பருகட்டும்.

நிஃமத்தின் அருமை அறிந்து, அளவோடு வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.