வலிக்குச் சாட்சி யார்?

மாத்தளையின் ரத்தோட்டை, எல்கடுவைச் சரிவுகளில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் ஒருத்திக்கு இடுப்பிலிருந்து கால்வரை வலி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ. படத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தால் அவளை நோயாளி என்பார்கள். படம் சுத்தமாக இருந்தால் வேலைக்கள்ளி என்ற பேச்சு கிளம்பும். படம் ஒரு சாட்சிதான், அதுவும் நேரில் பார்க்காத சாட்சி என்பது என் கட்சி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சியை நான்காக வகுத்தார். அவற்றில் ஒன்று தன்வேதனைக் காட்சி. இன்பதுன்பத்தை உயிர் தானே நேராக அறிவது. வலி அந்த வகை. படத்தைப் பார்த்து வலியை அறிவதோ வெறும் அனுமானம். அனுமானம் நிற்க ஏது, அதாவது அதற்குக் காட்டும் அடையாளம், பிசகக்கூடாது. புகை கண்ட இடமெல்லாம் நெருப்பு இருந்தாக வேண்டும். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்த அமெரிக்க ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தேய்மானம். எண்பது வயதினரில் 96. நெருப்பில்லாப் புகை இவ்வளவு என்றால், நம் தருக்க நூலார் அந்த ஏதுவை அநைகாந்திகம், அதாவது ஒருதலையாக நில்லாதது, என்று தள்ளியிருப்பார்கள். மாத்தளை நகரை ஒட்டிய அலுவிகாரையில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஏட்டிலேறியதாக மரபு சொல்லும் திரிபிடகமும் உருவத்தையும் (உடல்) வேதனையையும் (உணர்ச்சி) தனித்தனிக் கந்தங்களாகவே, அதாவது கூறுகளாகவே, வைக்கிறது. ஸ்கேன் எட்டுவது உருவம் வரைதான்.

வலியை நடிக்கலாமே என்பார்கள். நடிக்கலாம்தான். அதனால்தான் நல்ல மருத்துவர் படத்துக்கு முன் காலைப் பார்க்கிறார். மல்லாந்து படுத்தவளின் காலை முழங்கால் மடங்காமல் மெல்லத் தூக்குகிறார். பெருவிரலை மேலே இழுக்கச் சொல்லித் தன் விரலால் அமுக்கிப் பார்க்கிறார். குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டுகிறார். பெருவிரலில் வலு குறைந்தால் ஐந்தாம் இடுப்பு நரம்பின் மேல் சந்தேகம். தட்டியும் பாதம் துள்ளாவிட்டால் அதற்கடுத்த நரம்பின் மேல். துள்ளாததுபோல் நடிப்பது எளிதல்ல. வலி ஓடும் வழி, இந்தச் சோதனை, படத்தில் பிதுங்கிய இடம் மூன்றும் ஒரே நரம்பைச் சுட்டும்போது அனுமானம் உறுதிப்படுகிறது. அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சுக்கு அப்போதுதான் இடம்.

படத்தை இப்படிக் கீழே இறக்கினால் ஆபத்தானதைத் தவறவிடமாட்டோமா? இது கனமான கேள்வி. சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, காலின் பலம் மளமளவென்று குறைந்தாலோ உடனே படமெடுக்க வேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாமல் போகலாம். காய்ச்சலோடு வரும் முதுகுவலியும் அசட்டை செய்யத்தக்கதல்ல. ஆனால் அங்கேயும் ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்வது உடம்பின் முறையீடே. மற்றபடி, டிஸ்க் பிதுங்கி வந்த கால்வலி பலருக்கு வாரக்கணக்கில் தானே தணிகிறது. பிதுங்கியதே சுருங்கிவிடுவதும் உண்டு. ஆகவே படம் சுத்தமாக வந்தவளுக்கும் சில வாரம் கூடை சுமக்காத வேலை, நாட்கூலியை அரைப் பேராக வெட்டாமல், கொடுப்பதே நியாயம். ஏனென்றால், தசையும் மூட்டும் தரும் வலி பல சமயம் எந்தப் படத்திலும் விழுவதில்லை.