பூனை படுத்திருக்கிறது

காற்று மேற்கிலிருந்து அடித்து, எங்கள் பக்கத்து ஓடுபாதையின் முறையும் வந்துவிட்டால், விடியப்புறம் நாலரைக்குப் பிறகு ஹவுன்ஸ்லோவுக்கு மேலால் விமானங்கள் இறங்கத் தொடங்கும். ஹீத்ரோவின் வடக்கு ஓடுபாதைக்குப் போகிற வழி எங்கள் கூரைக்கு மேலேதான். சில்லுகளை விரித்துக்கொண்டு வருகிற விமானத்தின் வயிற்றைக் குசினி யன்னலில் நின்றே பார்க்கலாம். இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் இப்போது கேட்பதில்லை. அம்மாவுக்கும் கேட்காமல்தான் இருந்தது. மறதிநோய் வந்த இரண்டாம் வருஷம் கேட்கத் தொடங்கியது.

“பிள்ளை, பொம்மர் வருது. பங்கருக்குள்ள வா.”

எண்பத்திரண்டு வயதில், நோகிற முழங்காலை மடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போவார். “இது ஹீத்ரோ அம்மா. ஆக்கள் வாற பிளேன்” என்பேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பின்னேரம் மூன்று மணிக்கு ஓடுபாதையை மாற்றுவார்கள். முழுக வார்ப்பது, சோறு தீத்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே தனியாக இருந்த பஞ்சாபி அன்ரி முதியோர் இல்லத்துக்குப் போனபோது, பிராணிகளைச் சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சேர்க்கிற இல்லங்களும் உண்டு. வயதானவர்களையும் அவர்கள் வளர்க்கும் பிராணிகளையும் பிரிக்கக்கூடாது என்பதற்காகவே 1985இல் தொடங்கிய சினமன் டிரஸ்ட் என்ற அமைப்பு இந்த நாட்டில் இருக்கிறது. எங்களுக்கு அது பிந்தித்தான் தெரியவந்தது. அன்ரி வைத்த பெயர் மோத்தி. அம்மாவுக்கு அது முதல் நாளே ஜிம்மி ஆகிவிட்டது. ஜிம்மி, ஊரில், மானிப்பாயில் எங்கள் வீட்டில் நின்ற நாய்.

ஒருநாள் விடியப்புறம் விமானம் இறங்கத் தொடங்குகிற நேரம் நான் எழும்பி ஓடிவந்தேன். அம்மா கதிரையில் இருந்தார். மடியில் பூனை. மேசையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குனிந்து பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் இடது காது ஒருமுறை மேலே திரும்பி, பழையபடி மடிந்தது. கண் திறக்கவில்லை. அம்மா உள்ளங்கையை அதன் விலாவில் வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “ஜிம்மி படுத்திருக்குது. அப்ப இது பொம்மர் இல்லை.”

போர்க்காலத்தில் ஊரில் அப்படித்தான். எங்கள் காதுக்கு எட்டுமுன் நாய்க்குக் கேட்டுவிடும். ஜிம்மி வாலைச் சுருட்டிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினால் நாங்களும் இறங்குவோம். அது முற்றத்தில் கிடந்தால் அடுப்பில் இருக்கிற உலையை இறக்கமாட்டோம். நான் நூறுமுறை சொல்லியும் நம்பாததை, ஒரு பூனையின் காது சொல்லி அம்மா நம்பினார்.

நோய் குறைந்துவிட்டதா என்று கேட்கிறவர்களுக்கு இல்லை என்றே சொல்கிறேன். போன நினைவை எந்தப் பிராணியும் திருப்பித் தராது. தீன் வைத்ததை மறந்து மூன்றாம் முறையும் வைப்பார்; பூனை கொழுத்துப்போய் மிருக வைத்தியரிடம் நான் பேச்சு வாங்கினேன். இப்போது பேணிகள் என் அறையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் மச்சச் சட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்கவிடாத அம்மா, பின்கதவடியில் பூனை மீன் தின்பதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கிறார். இரவில் பூனை காலுக்குள் சிக்கி விழுந்துவிடுவார் என்ற பயத்தில் நடைவழி விளக்கை நான் அணைப்பதேயில்லை.

சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அம்மாவைப் பார்க்க வந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: “பிள்ளை, கடைசிக் காலத்தில பாசத்தை அறுக்கவேணும். நீர் புதுசா ஒண்டைக் கட்டிவிட்டிருக்கிறீர். ஜடபரதர் கதை தெரியுமல்லோ?”

தெரியும். அரசைத் துறந்து ஆற்றங்கரையில் தவம் இருந்த பரதர், சிங்கத்தின் கர்ச்சனைக்குப் பயந்து பாய்ந்த பெண்மானின் குட்டி தண்ணீரில் விழுந்ததைக் கண்டு தூக்கி வளர்க்கிறார். பூசை போகிறது, செபம் போகிறது. குட்டி கண்ணில் படாத நேரமெல்லாம் ஓநாய் பிடித்திருக்குமோ என்று தவிக்கிறார். சாகும்போதும் அதே நினைவு. அடுத்த பிறவியில் மானாகிறார்.

ஐயா மனம் நோகச் சொல்லவில்லை. கேள்வியும் நியாயமானது. கட்டுகிற கயிற்றுக்கும் பிள்ளைமேல் வைக்கிற அன்புக்கும் தமிழில் பாசம் என்று ஒரே சொல். உயிரைப் பசு என்றும் அதைக் கட்டியிருப்பதைப் பாசம் என்றும் சைவ சித்தாந்தம் சொல்வதைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்ததே அம்மாதான். மாட்டுக் கொட்டிலில் வைத்து, மாட்டையும் கயிற்றையும் காட்டி.

அந்த மாட்டை 1995 ஒக்டோபர் 30 இரவு அவிழ்த்துவிட்டோம். எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பி மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. வாசல்வரை வந்த அம்மா திரும்ப ஓடிப்போய்க் கொட்டிலில் கயிற்றைக் கழற்றினார். ஜிம்மி எங்கள் பின்னால் வந்து, நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் தவறிவிட்டது. கொடிகாமத்தில் விடிந்தபோதுதான் பார்த்தேன்: மாட்டுக் கயிறு அம்மாவின் மணிக்கட்டில் சுற்றியபடியே இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், லண்டனுக்கு வந்த பிறகும், சாப்பிட இருக்கும்போது திடீரென்று கேட்பார், “அந்த மாடு என்ன பட்டுதோ?”

இப்போது கேட்பதில்லை. இதை நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஐயாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கதையின்படி, மானாகப் பிறந்த பரதருக்கு முற்பிறவி நினைவு போகவில்லை; உடம்பு மாறியது, நினைவு நின்றது. அம்மாவுக்கு உடம்பு நிற்கிறது, நினைவு போகிறது. பரதரைக் கட்டியது மான்குட்டியா, குட்டி இல்லாத நேரத்திலும் ஓயாத அந்த நினைப்பா? பின்கதவால் பூனை வெளியே போனால் அம்மாவின் உலகத்தில் பூனை என்று ஒன்று இல்லை. தேடமாட்டார், தவிக்கமாட்டார். திரும்ப வந்தால் முகம் மலரும். முடிச்சுப் போட நேற்றும் நாளையும் வேண்டும். அவை இரண்டும் அவரிடம் இல்லை. அன்பு மட்டும் இருக்கிறது.

அப்படியானால் அன்பு வைக்கிறது யார்? நினைவு எட்டுகிற தூரம்தான் ஒரு ஆள் என்று ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் 1694இல் எழுதினார். நினைவுப் பரிசோதனையில் இன்றைய திகதியைக் கேட்டு அம்மா முழித்தபோது, அதை நானும் பாதி நம்பினேன். லொக்குக்கு நானூறு வருஷத்துக்கும் மேல் முந்திய மெய்கண்டார் அப்படிச் சொல்லவில்லை. அவர் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் நான்காவது, மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற எதுவும் உயிர் அல்ல என்கிறது. அரசனுக்கு அமைச்சர் போல அவை உயிருக்குக் கருவிகள். அமைச்சர் ஒவ்வொருவராக எழும்பிப் போன சபையிலும் அரசர் இருக்கிறார். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்றும் சித்தாந்தம் சொல்கிறது. பொம்மரைச் சார்ந்தால் அம்மா பயமே வடிவாகிறார். தூங்குகிற பூனையைச் சார்ந்தால் அமைதியாகிறார். இதைக் கண்முன்னே பார்த்த பிறகு பூனையை நான் எப்படி வெளியே விடுவேன்?

ஐயாவுக்குப் போன் எடுத்து, கதையை இரண்டாம் பிறவியோடு நிறுத்திவிட்டீர்கள் என்றேன். மூன்றாம் பிறவியில் பரதரை ஊர் ஜடம் என்றுதான் நினைத்தது. அரசனின் பல்லக்கைத் தூக்க வைத்தார்கள். எறும்பை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து அடி வைத்ததால் பல்லக்குக் குலுங்கியது, அரசன் கோபித்தான். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பூனைக்கு என்ன தீன் குடுக்கிறனீர்?” என்று கேட்டார்.

நேற்று இரவு குளியலறைக்குப் போக எழும்பிய அம்மா நடைவழியில் என்னைக் கண்டு நின்றார். “நீர் ஆர் பிள்ளை?” என்றார். சொன்னேன். தலையாட்டினார். பூனை குறுக்கே கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, அதன் வால் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு அப்பால் வைத்தார். பிறகு மற்றக் காலை.