உன் நல்லதுக்குத்தான்!

வீட்டில் நாய் வளர்க்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். அப்பா கழுத்தைப் பிடித்துக்கொள்வார். அம்மா முதுகை அமுக்கிக்கொள்வார். பையன் நகவெட்டியோடு உட்காருவான். 'டேய் டைகர்... ஒண்ணுமில்லடா, உன் நல்லதுக்குத்தான்டா!' என்று மூன்று பேரும் கோரஸாகச் சொல்வார்கள். டைகர் ஊரைக் கூட்டும்.

நாய் வளர்க்காதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

தெருநாய்க்கு யாரும் நகம் வெட்டுவதில்லை. நாளெல்லாம் தார் ரோட்டில் ஓடுகிற ஓட்டத்தில் பெரும்பாலும் அதுவே தேய்ந்துவிடும். ஃபிளாட்டில், டைல்ஸ் தரையில் வளர்கிற நாய்க்கு அந்த வசதி கிடையாது. நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் நகம் தரையில் முட்டுகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் விரல் கோணும், நடை மாறும். முன்னங்காலில் சற்று மேலே இருக்கிற கட்டைவிரல் நகம் தரையையே தொடாது. அது வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடுவதும் உண்டு. ஆகவே, வெட்டித்தான் ஆகவேண்டும். ரோட்டை வாங்கிக்கொண்டு டைல்ஸைக் கொடுத்தது நாம்தானே!

அப்புறம் ஏன் கத்துகிறது? நாயின் நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. வெள்ளை நகமென்றால் இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டால் போச்சு... ரத்தம், வலி. நம்முடைய நல்ல எண்ணம் நாய்க்குத் தெரியாது. தினமும் சோறு போடுகிற கை இன்றைக்கு அமுக்குகிறது, வலிக்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த முறை டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

கேள்வி இங்கேதான் வருகிறது. ஒரு விஷயம் நல்லது என்று நமக்கு உறுதியாகத் தெரியும். எதிரில் இருக்கிற உயிருக்கு அதைப் புரியவைக்க வழியில்லை. பலவந்தப்படுத்தலாமா?

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், 1859-ல் சுதந்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரைக் கட்டாயப்படுத்த, அவருடைய சொந்த நன்மை என்கிற காரணம் மட்டும் போதாது என்பது அவர் கட்சி. ஆனால், குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்று அவரே விலக்கும் கொடுத்தார். நாயையும் அந்த லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்வோம். நகம் சதைக்குள் ஏறிவிட்டால் நாயிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும்.

அந்த விலக்கை நாம் அன்றாட வழக்கமாக்கிக்கொள்வதுதான் சிக்கல். நன்றாக யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான நாய்களுக்கு 18 நகம். அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு முன்னால் வெட்டி முடிக்கவேண்டும் என்பது நாயின் நன்மையா, நம்முடைய அவசரமா? நம் அவசரத்துக்கும் சேர்த்து 'உன் நல்லதுக்கு' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இன்றைக்குப் பாதத்தைத் தொட்டுவிட்டு ஒரு துண்டு பொறை கொடுங்கள். நாளைக்கு நகவெட்டியை மோந்து பார்க்க விட்டு இன்னொரு துண்டு. நாலு நாள் கழித்து ஒரே ஒரு நகம், அதுவும் நுனி மட்டும். காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். மீதி 17 நகமும் எங்கேயும் ஓடிப்போகாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வெட்டிவந்தால் உள்ளேயிருக்கிற ரத்தக்குழாயும் மெல்லப் பின்வாங்கும். பொறுமைக்கு உடம்பே வழிவிடுகிறது!

காலை இழுத்துக்கொள்வது நாய் பாஷையில் 'வேண்டாம்'. அந்த 'வேண்டாமு'க்கு எப்போதும் கட்டுப்படவேண்டும் என்று சொல்லவில்லை. காதில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

படுக்கையில் கிடக்கிற தாத்தாவுக்கு மருந்து புகட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிக்கெடுக்கும்போது மூன்று வயதுக் குழந்தை தலையை இழுத்துக்கொள்கிறது. மருந்தும் போயாகவேண்டும், சிக்கும் எடுத்தாகவேண்டும். சந்தேகமே இல்லை. ஆனால், 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நொடி நிறுத்தி, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் அவங்க நல்லது எவ்வளவு, என் வசதி எவ்வளவு?