விட்ட சோறு யாருக்குப் போனது?

(தருமபுரி மறைமாவட்டப் பங்கு ஒன்றில், தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளியன்று சிலுவைப்பாதைக்குப் பின் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



சாம்பல் பூசிக்கொண்டு இரண்டு வாரம் கடந்துவிட்டது. 2026ஆம் ஆண்டின் சாம்பல் புதன் பிப்ரவரி 18. ரமலான் நோன்பும் அதே வாரத்தில்தான் தொடங்கியது. நம் ஊர்களில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஒருசந்தி, அடுத்த வீட்டில் ரோசா. பள்ளிவாசலில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். தூக்குவாளியோடு வந்து நிற்பவர் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய நோன்பில் அடுத்தவருக்கு ஊற்றும் கஞ்சியும் சேர்ந்தே இருக்கிறது. இன்று உங்களிடமும் என்னிடமும் நான் கேட்க நினைப்பது ஒரே கேள்விதான். இந்த நாற்பது நாளில் நாம் விடுகிற சோறு, விடுகிற கறி, விடுகிற காசு யாருக்குப் போய்ச் சேருகிறது?

திருச்சபையின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர்கள், 59 வயது நிறையும் வரை, அந்த நாள்களில் ஒரு வேளை மட்டுமே முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் அந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சியை விட வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் இது இன்னும் கடுமையாக இருந்தது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த ஒழுங்கைத் தளர்த்தினார். பலருக்கு நினைவில் இருப்பது அந்தத் தளர்வு மட்டும்தான். அதே ஆவணத்தில் அவர் சொன்ன இன்னொன்று நம் மாவட்டத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. வசதி உள்ள நாட்டவர்கள் தங்களை ஒறுத்து அதன் பலனை ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். வறுமையில் இருப்பவர்கள் படுகிற பாட்டையே இறைவனுக்கு ஒப்புக்கொடுத்து, நீதிக்காகவும் உழைக்கட்டும் என்பது அதன் பொருள்.

தருமபுரியின் பழைய சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். கேழ்வரகுக் களி, அதற்குக் கீரைக் குழம்போ புளிக்குழம்போ. கறி என்பது எப்போதாவது ஒரு ஞாயிறோ பண்டிகையோ வந்தால்தான். மாதத்தில் ஒரு நாள் கறி கண்ட குடும்பத்திடம் போய் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாதே என்று சொன்னால், அது அவர்களுக்கு என்ன தவம்? இன்றைக்கும் அப்படிப்பட்ட வீடுகள் நம் பங்கில் இருக்கின்றன. இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிட்டு இரண்டு மடங்கு விலையில் மீன் வாங்கிப் பொரிக்கிற வீடுகளும் இருக்கின்றன. சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையில் தவம் எங்கே இருக்கிறது?

மதுரையில் மறைப்பணி செய்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623இல் சேலம் பக்கம் வந்தார். பிறப்பால் உரோமைப் பிரபு குடும்பத்தவர். இங்கே இறைச்சியை அடியோடு விட்டார், ஒரு வேளைதான் சாப்பிட்டார், தரையில் படுத்தார். அருளானந்தர் என்று நாம் வணங்கும் புனித ஜான் தெ பிரிட்டோவும் 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்படும் வரை பண்டாரசாமி என்னும் துறவியாகவே வாழ்ந்தார். ஆண்டு முழுவதும் தவக்காலமாகவே வாழ்ந்தவர்கள் இவர்கள். வயிற்றைச் சுருக்கியதற்காக நாம் அவர்களைக் கொண்டாடவில்லை. சுருக்கிக்கொண்டு யாரிடம் போனார்கள் என்பதற்காகத்தான் கொண்டாடுகிறோம்.

எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். நாங்கள் நோன்பு இருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் ஆண்டவரிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களை வாட்டுகிறீர்கள், பிறகு எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்கிறார். பசித்தவனுக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதையும், வீடற்றவனை உள்ளே சேர்ப்பதையும்தான் தமக்குப் பிடித்த நோன்பாக அவர் சொல்கிறார்.

இப்போது புளி காலம். நம் தாய்மார் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கிலோ கணக்கில்தான் கூலி. விரல் நுனி கறுத்து, நகக்கண்ணில் எரிச்சல். புளி வியாபாரம் செய்கிறவர்கள் நம் பங்கிலும் இருக்கலாம். ஐயா, நீங்கள் இந்த நாற்பது நாளும் கோவிலுக்கு வராவிட்டாலும் கோபப்படமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எடையைச் சரியாகப் போட்டு, கூலியை அன்றன்றைக்கே கொடுத்தால், அதுவே எசாயா சொன்ன நோன்பு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இங்கே இருக்கும் பெரும்பாலானோர் பெண்களும் முதியவர்களும். ஆண்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலை, கம்பெனி வேலை என்று இருக்கிறார்கள். குருத்து ஞாயிறுக்கும் பெரிய வியாழனுக்கும் வருவார்கள். சிலர் தவக்காலம் முழுக்கக் காவி கட்டி, குடிக்காமல் இருப்பதாக நேர்ந்துகொள்கிறார்கள். நாற்பது நாள் மதுக்கடைப் பக்கம் போகாமல் இருப்பது பெரிய காரியம். அந்த நேர்ச்சையை நான் மனதார மதிக்கிறேன். தம்பி, அந்த நாற்பது நாளில் மிச்சமான காசு எங்கே? அது உன் மனைவி கைக்கு வந்ததா, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனதா? உயிர்ப்பு ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் மதுக்கடைக்கே போவதற்காகச் சேர்த்து வைத்திருந்தால், நேர்ந்துகொண்டதில் பாதிதான் செலுத்தியிருக்கிறாய்.

இனி சிலுவைப்பாதைக்கு வருகிறேன். பதினான்கு தலங்களையும் முழங்கால் இட்டு இட்டுக் கடந்து வந்தோம். எட்டாம் தலத்தில் அழுகிற எருசலேம் பெண்களைப் பார்த்து, எனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்ற கருத்தில் ஆண்டவர் பேசுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். அதை வாசிக்கக் கேட்டு அழாத தமிழ்க் கத்தோலிக்கத் தலைமுறை அரிது. அந்தக் கண்ணீர் நமக்கு வேண்டும். அதோடு நம் பிள்ளைகளுக்கான கண்ணீரும் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் வர வேண்டியிருந்தது. பெண் சிசுவைக் கள்ளிப்பாலுக்குக் கொடுத்த காலம் போய்விட்டது என்கிறோம். கருவிலேயே பார்த்து அழிக்கும் காலம் போய்விட்டதா? படிக்கும் பெண்ணைப் பாதியில் நிறுத்தித் தாலி கட்ட வைக்கும் காலம் போய்விட்டதா? எட்டாம் தலத்தில் முழங்கால் இட்ட தாயும் தந்தையும் தங்கள் மகளைப் பன்னிரண்டாம் வகுப்புத் தாண்டிப் படிக்க வைப்போம் என்று முடிவெடுத்தால், அந்த முழங்கால் வலிக்குப் பலன் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கசக்கும். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிந்தன. ஒரு காதல் திருமணம், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தையின் மரணம், அதன் பிறகு தலித் மக்களின் வீடுகள் மீது நெருப்பு. அது நடந்தது நம் மாவட்டத்தில். திருச்சபையாக நாம் ஒன்றாகத்தான் இருக்கிறோம்: 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாக ஆனோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே ஆயர், ஒரே பேராலயம். ஆனால் ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கிற சாலையைக் கிறிஸ்தவர்களாகிய நாமாவது தாண்டிவிட்டோமா? ஊர்த் தெருவோடு திரும்பிவிடுகிற சிலுவைப்பாதை எனக்கு உறுத்துகிறது. ஆண்டவர் எருசலேமின் மதிலுக்கு வெளியே கொண்டுபோகப்பட்டுச் செத்தார். அவருடைய சிலுவையைத் தூக்கிக்கொண்டு காலனித் தெருவுக்குள் போகாமல் நாம் எங்கே போகிறோம்?

பங்குப் பேரவையும் அன்பியப் பொறுப்பாளர்களும் பேசி முடிவெடுக்க இரண்டு காரியங்களை வைக்கிறேன். பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை இந்த ஆண்டு காலனி வழியாகப் போகட்டும். அன்று ஊற்றும் கஞ்சியை எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து குடிப்போம். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 2016 ஜனவரியிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் வழி திறந்துவிட்டார். இந்த ஆண்டு அந்தப் பன்னிரண்டு பேரில் புளியங்கொட்டை எடுக்கும் தாய் ஒருவர், தூய்மைப் பணியாளர் ஒருவர், பெங்களூரில் சித்தாள் வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கட்டும்.

மூன்றாவது காரியத்துக்குப் பேரவை கூட வேண்டியதில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக உலை வைக்கும் பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தவக்கால உண்டியலில் போடுவதைப் போடுங்கள், நிறுத்த வேண்டாம். அதோடு, அடுத்த வெள்ளியிலிருந்து நீங்கள் சாப்பிடாமல் விடும் ஒரு வேளைச் சோற்றைக் குழம்போடு எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பெரியவருக்கு உங்கள் கையாலேயே பரிமாறுங்கள். ஆளனுப்பாதீர்கள். அவர் எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்காதீர்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.